சிந்திய கதிர்கள்



சேவூர்த் தெருக்களில் பட்டுத் தறிகளின் ஓசையைக் கேட்டு நடக்கும்போதெல்லாம், என் உள்ளம் ஊருக்கு வெளியே இருந்த எங்கள் நெல்வயலுக்கு ஓடிவிடுகிறது. பம்புசெட்டுத் தொட்டியில் குளித்ததும், களத்துமேட்டில் வைக்கோற்போரின்மேல் உறங்கியதும் நேற்று நடந்தவைபோல் இருக்கின்றன.

ஆயினும் இந்த ஏக்கத்தை நான் முழுவதும் நம்புவதில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தின் வெள்ளரிக்காயையும் கொம்மட்டிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதார்கள் (எண்ணாகமம் 11:5). செங்கல் அறுத்த நாட்களை மறந்துபோனார்கள்.

நானும் ஒன்றை மறந்திருந்தேன். அறுவடை முடிந்த ஒரு மாலையில், சிந்திய கதிர்களைப் பொறுக்க வந்த ஒரு தாயை, ஒன்பது வயதுச் சிறுவனாகிய நான் வரப்பில் நின்று கூச்சலிட்டு விரட்டினேன். காலைமுதல் எங்கள் நெல்லை அறுத்தவர்களுள் அவரும் ஒருவர். மடியில் இருந்ததையும் உதறிவிட்டுப் போனார். வீட்டில் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்!

வயலோரத்தை முற்றும் அறுக்காமல், சிந்தினதைப் பொறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடக் கர்த்தர் கட்டளையிட்டார் (லேவியராகமம் 19:9, 10). அது பிச்சையன்று, அவர்களுடைய பங்கு. அவ்வாறு பொறுக்க வந்த ரூத்தே தாவீதின் பாட்டனாகிய ஓபேத்தைப் பெற்றாள்.

இன்று நம்மில் வயல் உடையோர் சிலர். தறி உடையோர் பலர். பாவு பிணைக்க வருகிறவரிடம் கடைசி ரூபாய்வரை பேரம் பேசுகிறோமே, அங்கே எந்த ஓரத்தை விட்டுவைத்தோம்?

சென்ற வாரம் அந்த வரப்பில் போய் நின்றேன். அந்தத் தாயின் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.