குடவோலையும் வாய்தாவும்

எங்க பாகப்பிரிவினை கேசுக்கு வயசு 11. போன மாசமும் ஆபீஸ்ல ஆணி புடுங்குறதுக்கு லீவு சொல்லிட்டு அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். வழக்கம்போல வாய்தா.

ஞாயித்துக்கிழமை மாமல்லபுரம் கடற்கரைல உக்காந்து இதைப் புலம்பினா, கூட வந்த நண்பன் தீர்ப்பே சொல்லிட்டான். "அமெரிக்கா மாதிரி ஜட்ஜையும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும் மச்சி. நம்ம உத்திரமேரூர்ல ஆயிரம் வருஷம் முன்னாடியே பண்ணிட்டான்!"

அங்கதான் எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு.

உத்திரமேரூர் செங்கல்பட்டுக்குப் பக்கம்தான், ஒருதடவை போய்ப் பாருங்க மக்களே. பராந்தக சோழன் காலத்து 919, 921 கல்வெட்டுகள் சொல்றது ஓட்டு இல்லை, குலுக்கல். அதுவும் ஏரி, தோட்டம், பொன் வாரியங்களுக்கு. பிராமணர் சபை அது. குடத்துல பேர் போடவே வரி கட்டுற நிலம், சொந்த வீடு, வேதப் படிப்பு வேணும். நானும் நீயும் வெளியதான் நிக்கணும் ராசா :-)

சரி, அமெரிக்கா? அங்கே பல மாநிலங்கள்ல விசாரணை நீதிபதிகளுக்கும் தேர்தல் உண்டு. 2004ல மேற்கு வர்ஜீனியா உச்ச நீதிமன்றத் தேர்தல்ல ஒரு நிலக்கரிக் கம்பெனித் தலைவர் சுமார் 30 லட்சம் டாலர் செலவழிச்சார். அவர் ஆதரிச்சவர் ஜெயிச்சார். பிறகு அந்தக் கம்பெனி மேல இருந்த 5 கோடி டாலர் தீர்ப்பை ரத்து செஞ்ச நீதிபதிகள்ல அவரும் ஒருத்தர்! அவர் விலகியிருக்கணும்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009ல சொல்லிச்சு. மெக்சிகோ 2025ல நாடு முழுக்க நீதிபதித் தேர்தல் வெச்சது. ஓட்டுப் போட வந்தது நூத்துக்குச் சுமார் 13 பேர்.

இங்கே சிவில் ஜட்ஜ் டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை எழுதி வர்றார். மாவட்ட நீதிபதியை உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிக்கிறார். குறை ஆயிரம் இருக்கட்டும், நாற்காலிக்காக யார்கிட்டயும் கைநீட்டத் தேவையில்லை. ஈ.சி.ஆர். ஓரம் ஒரு குப்பத்து மீனவர் ரிசார்ட் மேல கேஸ் போட்டார்னு வைங்க. ஜட்ஜோட தேர்தல் ஃபிளெக்ஸுக்கு யார் பணம் கட்டியிருப்பா, மீனவரா?

நம்ம நோய் வேற. 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேணும்னு சட்ட கமிஷன் 1987லயே சொல்லிச்சு. 2002ல உச்ச நீதிமன்றமும் சொல்லிச்சு. இன்னிக்கும் இருக்கிறது சுமார் 21 பணியிடம். அதுலயும் காலி.

அதனால ஜட்ஜுக்கு ஓட்டு கேக்காதீங்க. ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட ஜட்ஜைக் கேளுங்க.

அப்பாவுக்கு 67 ஆகுது. தீர்ப்பை அவர் காதால கேக்கணும், அவ்ளோதான்.