சின்னத் துண்டு, பெரிய பொறுப்பு

செங்கல்பட்டில் மைதா, சர்க்கரை, வனஸ்பதி என்று மொத்த வியாபாரம் செய்து தலை நரைத்தவர்கள் நாங்கள். இன்று எங்கள் கடைக்கு வரும் பேக்கரிக்காரர்களும், வீட்டில் கேக் செய்து விற்கும் பெண்களும் கோக்கோ பவுடர், சாக்லேட் கட்டி, கிரீம் சீஸ் கேட்கிறார்கள். மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் தின்ற பிரவுனி, இப்போது நம் ஊர்க் கல்யாண வரவேற்பிலும் ஒரு வாய்க்கு ஒரு துண்டாக வந்துவிட்டது.

பிரவுனி என்றால் என்னவென்று கேட்கும் மூத்த வணிகர்களுக்குச் சொல்கிறோம். சாக்லேட், வெண்ணெய், சர்க்கரை, முட்டை, கொஞ்சம் மைதா சேர்த்துச் சுடும் ஈரப்பதமான கேக் அது. மாவின் மேல் சர்க்கரை கலந்த கிரீம் சீஸை ஆங்காங்கே வைத்து, கத்தி முனையால் இழுத்துச் சுழித்துவிட்டால் வெள்ளைக் கோலம் விழும். சுட்டு, நன்றாக ஆறிய பின் சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். விவேகானந்தர் உரையாற்றிய அதே 1893-ஆம் ஆண்டில், சிகாகோ உலகக் கண்காட்சிக்காக, பெண்களின் சாப்பாட்டுப் பெட்டியில் அடங்கும்படி செய்யப்பட்ட கேக்கிலிருந்து இது பிறந்ததாகச் சொல்வார்கள்.

இதில் நமக்கென்ன பொறுப்பு? நாங்கள் செய்த தவறையே சொல்கிறோம். கிரீம் சீஸை 4 டிகிரிக்கு மேல் போகாமல் குளிரில் வைக்க வேண்டும். ஆனால் உறைய விடக்கூடாது. எங்கள் கடைப் பையன், குளிர் அதிகமிருந்தால் நல்லதுதானே என்று ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்துவிட்டான். நாங்களும் கவனிக்கவில்லை. வாங்கிப் போன அம்மா மறுநாள் டப்பாவோடு வந்தார். தண்ணீர் தனியே, திரி திரியாய்ச் சீஸ் தனியே. அவருக்கு அன்று மாலை 200 துண்டு ஆர்டர். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் இழந்த ஆர்டரைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அடுத்தது பெயர். கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது காம்பவுண்டு. விலை குறைவு, நம் வெயிலையும் ஓரளவு தாங்கும். அதை விற்பது குற்றமில்லை; சாக்லேட் என்று சொல்லி விற்பதுதான் குற்றம். கிரீம் சீஸே இல்லாத வெள்ளைக் கோட்டுக்குச் ‘சீஸ் பிரவுனி’ என்று பெயர் வைப்பதும் அப்படியே. முட்டை சேர்ந்ததைச் சைவம் என்று கொடுப்பது அதைவிடப் பெரிய துரோகம்.

விலை கட்டவில்லை என்பார்கள். 2024-இல் உலகச் சந்தையில் கோக்கோ டன் 10,000 டாலரைத் தாண்டியபோது அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் வெண்ணெய்க்கும் சீஸுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்தும், சாக்லேட், கோக்கோ பவுடர், கேக் ஆகியவற்றுக்கு 18 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதே! அந்தச் சலுகையில் ஒரு பங்கு தரத்துக்குப் போக வேண்டாமா?

ஆகவே நாம் மூன்று காரியம் செய்வோம். பில்லில் ‘காம்பவுண்டு’, ‘சாக்லேட்’ என்று பிரித்து எழுதுவோம். குளிர்ச் சரக்கை வாங்குபவரிடம் வைக்கும் முறையை வாய்விட்டுச் சொல்லி, ஐஸ் பெட்டி இல்லாமல் வெளியூருக்கு அனுப்ப மறுப்போம். சீஸ் பிரவுனியைக் கண்ணாடி அலமாரியில் பப்ஸ் பக்கத்தில் அடுக்கும் சில்லறைக் கடைக்காரரிடம், 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், கத்திரி வெயிலில் 1 மணி நேரமே அதிகம் என்று எடுத்துச் சொல்வோம்.

ஒரு வாயளவுத் துண்டால் ஒரு குழந்தைக்கு வயிறு கெட்டால், அந்தக் கடை மட்டுமா பெயர் கெடும்? கடன் வாங்கி அடுப்பு போட்ட அத்தனை பெண்களின் வியாபாரமும் படுத்துவிடும். அவர்கள் படுத்தால் நம் கடை மட்டும் எப்படி நிற்கும்? சிந்திப்போம்.