ஆரோன் வம்சமும் அப்பா கட்டிய சபையும்

சென்ட்ரலுக்குள் நுழையச் சிக்னல் விழாமல் ரயில் பேசின் பிரிட்ஜில் நிற்கும்போது சுவரொட்டி படிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும். உபவாச ஜெபமோ எழுப்புதல் கூட்டமோ, நடுவில் மூத்த பாஸ்டர், பக்கத்தில் பாஸ்டரம்மா, கீழே கோட் போட்ட மகனும் மருமகளும். புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று இந்தப் பக்கத்துத் தனிச் சபைகள் பலவற்றில் அப்பாவுக்குப் பிறகு மகன் என்பது எழுதாத சட்டம். யாராவது முணுமுணுத்தால் பதில் தயாராக இருக்கிறது: ஆரோனுக்குப் பின் எலெயாசார் வரவில்லையா? ஆசாரிய ஊழியத்தைத் தேவனே வம்சமாகத்தான் வைத்தார்; அபிஷேகம் ரத்தத்தில் இறங்கும்.

வசனத்தைக் காட்டித்தான் பேசுகிறார்கள். நாமும் அதே புத்தகத்தைத் திறப்போம்.

இஸ்ரவேலில் வம்சம் முக்கியம் என்பது உண்மை. லேவி கோத்திரம், அதற்குள்ளும் ஆரோனின் குடும்பம் மட்டுமே பலிபீடத்தில் நிற்கலாம். பாபிலோனிலிருந்து திரும்பியபோது, வம்ச அட்டவணையில் பெயர் கிடைக்காதவர்களை ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கிவைத்தார்கள் என்று எஸ்றா புத்தகம் சொல்கிறது. ராஜாவான உசியாவே தூபங்காட்டப் போய்க் குஷ்டரோகியானான். ஆட்சியும் பலிபீடமும் ஒரே கைக்குப் போகாமல் இருக்க அந்தத் தடை உதவியது. இதுவரை சண்டையில்லை.

அபிஷேகம் ரத்தத்தில் இறங்கும் என்பதுதான் நிற்காது. ஆரோனுக்குப் பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவர்களான நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினியைக் கொண்டுபோய்க் கர்த்தரின் சந்நிதியிலேயே செத்தார்கள். ஆசாரியன் ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் பலியிட வந்தவர்களின் இறைச்சியை அடாவடியாகப் பிடுங்கித் தின்றவர்கள். இருவரும் ஒரே நாளில் போர்க்களத்தில் விழுந்தார்கள். அதே வீட்டுக் கொழுந்தான அபியத்தாரைச் சாலொமோன் பதவியிலிருந்து இறக்கி ஆனதோத்துக்கு அனுப்பிவிட்டு, சாதோக்கை அந்த இடத்தில் வைத்தார். சாமுவேல் தன் பிள்ளைகளை நியாயாதிபதிகளாக வைத்தபோது அவர்கள் லஞ்சம் வாங்கினார்கள். மூப்பர்கள் நேரே வந்து வேண்டாம் என்றார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே மோசே. இவரைப் பற்றி நம் மேடைகளில் மணிக்கணக்கில் பிரசங்கம் உண்டு. இவருடைய மகன்களைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. கெர்சோமும் எலியேசரும் சாதாரண லேவியராக எண்ணப்பட்டதோடு சரி. ஜனத்தை நடத்தும் பொறுப்பு எப்பிராயீம் கோத்திரத்து யோசுவாவுக்குப் போனது. ஒரு சபையை நடத்தும் பொறுப்புக்கு வேதத்தில் முன்மாதிரி தேடினால் ஆரோனைவிட இதுவே கிட்டத்தில் இருக்கிறது.

கேள்வி கேட்பவரை வாயடைக்க இன்னொரு பெயரை எடுப்பார்கள்: கோராகு. மோசேயையும் ஆரோனையும் எதிர்த்தவனைப் பூமி வாய்திறந்து விழுங்கியது, ஜாக்கிரதை! அந்தக் கோராகு யார்? லேவியன், கோகாத்தின் பேரன், ஆரோனுக்கே சித்தப்பா மகன். ஆரோனின் குடும்பத்தான் இல்லையே தவிர, லேவி வம்சத்தைப் பொறுத்தவரை அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பிறப்பு அவனைக் காப்பாற்றியதா? அவன் பிள்ளைகள் சாகவில்லை என்று எண்ணாகமம் தனியாகக் குறித்துவைத்திருக்கிறது. கோராகின் புத்திரர் பெயரில் சங்கீதங்களே உண்டு. தகப்பன் செய்ததும் பிள்ளைமேல் தானாக ஏறவில்லை.

சரி, சொத்துக்கு வருவோம். மற்றக் கோத்திரங்கள் நிலத்தைப் பங்குபோட்டபோது ஆரோனுக்கும் லேவியருக்கும் பங்கு கிடையாது. குடியிருக்க 48 பட்டணங்கள், ஆடுமாடு மேய்க்கச் சுற்றுவெளி, சாப்பிடக் காணிக்கை, அவ்வளவுதான். வாங்கிய தசமபாகத்திலும் லேவியர் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். ஜனங்களின் காணிக்கையில் இடம் வாங்கி, டிரஸ்ட் பத்திரத்தில் தானும் மனைவியும் மகனும் மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு ஆரோனை ஏன் இழுக்க வேண்டும்?

இந்தப் பகுதியில் ரயில்வே குடும்பங்கள் ஏராளம். வாரிசு வேலை என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாதுகாப்புப் பிரிவில் அப்பா முன்கூட்டியே ஓய்வுபெற்றால் பிள்ளைக்கு வேலை என்று ரயில்வே ஒரு திட்டம் வைத்திருந்தது. அதிலும் பிள்ளை மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். அந்தத் திட்டத்தையே 2016இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் கேள்வி கேட்டது. பிறகு ரயில்வே அதை நிறுத்திவிட்டது. கோயில் பக்கம் 1970ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கியது. 1972இல் உச்ச நீதிமன்றம் சேஷம்மாள் வழக்கில் அது செல்லும் என்றது. அதைக் கைதட்டி வரவேற்ற நம்மவர்கள் தங்கள் மேடையில் மட்டும் பரம்பரையைத் தேவசித்தம் என்கிறார்கள்.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் வாதம் முழுக்கச் சரிகிறது. இயேசு யூதா கோத்திரம். ஆரோன் வழியில் அவர் ஆசாரியராகவே முடியாது. எபிரெயர் நிருபம் இதை மறைக்காமல், வம்ச வரலாறே சொல்லப்படாத மெல்கிசேதேக்கை எடுத்துக்காட்டி, அதையே மேன்மையாக நிறுவுகிறது. தாய் தகப்பன் இருவழியிலும் ஆரோன் வம்சமான யோவான் ஸ்நானகன் ஆலயத்தில் முறை பார்க்காமல் வனாந்தரத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் ஆசாரியக் குடும்ப ஆட்சி என்றால் அன்னாவின் வீடுதான். அவரும், அவருடைய ஐந்து மகன்களும், மருமகன் காய்பாவும் பிரதான ஆசாரியராக இருந்தார்கள். இயேசுவைக் கட்டி முதலில் கொண்டுபோனது அந்த அன்னாவிடம்தான்.

யூதர்களிடம் ஆரோன் வம்சத்தார் இன்றும் இருக்கிறார்கள். ஜெப ஆலயத்தில் தோரா வாசிக்க முதல் அழைப்பு அவர்களுக்கு. ஆசீர்வாதம் கூறுவதும் அவர்களே. போதிக்கும் ரபி பொறுப்போ படித்துப் பெறுவது.

அந்த வம்சத்துக்கு ஆவிக்குரிய பொருள் என்ன என்று கேட்டால், பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கத்தைப் பாருங்கள். பன்னிரண்டு கல், பன்னிரண்டு கோத்திரப் பெயர். தோள்களில் இரண்டு கல், அவற்றிலும் அதே பெயர்கள். மற்றவர்களைச் சுமந்துகொண்டுதான் அவன் உள்ளே போகிறான். தன் பிள்ளைகளின் பெயரை அதில் பொறிக்க இடமில்லை.

பாஸ்டர் மகன் பாஸ்டராகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வேதம் படித்து, சபைக்குப் பணிவிடை செய்து, சபையார் கூடிப் பேசி ஏற்றுக்கொண்டால் தாராளமாக வரட்டும். உங்கள் சபையின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: சொத்து யார் பெயரில் இருக்கிறது? கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள்? அடுத்த போதகரை யார் தேர்ந்தெடுப்பார்கள்? கோராகு என்று யாராவது அதட்டினால், எண்ணாகமம் 26ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.