சாரத்திலிருந்து விழுந்தவனுக்கும் 48 மணி நேரம்!

தாம்பரத்தைச் சுற்றி, வண்டலூர் முதல் மேடவாக்கம் வரை, அடுக்கு மாளிகைகள் எழும்புகின்றன. கொத்தனாரும் சித்தாளும் சாரத்தில் நிற்கிறார்கள். கிராமத்திலே விவசாயத் தொழிலாளி பனையேறுகிறான். ஆலையிலே ஒருவன் மூட்டை சுமக்கிறான். இவர்கள் அனைவருக்கும் உள்ள ஒரே சொத்து முதுகெலும்புதான்.

அதற்குள்ளே விரல் பருமனில் நரம்புத் தண்டு ஒன்று இறங்குகிறது. கைகால்கள் அசைவது அதனால்தான். எலும்பு முறிந்த உடனே தண்டு முழுதும் அறுந்துவிடுவதில்லை. பல சமயம் நசுங்கி வீங்கி நிற்கிறது. அந்த நிலையில் தோளை ஒருவர், காலை ஒருவர் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போட்டால், மிஞ்சியதும் போய்விடக்கூடும்.

தோழர்களே! விழுந்தவன் "கால் மரத்துப்போச்சு" என்றாலோ, கழுத்தும் முதுகும் வலிக்கிறது என்றாலோ, அவனை உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். தலை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் 108-க்குச் சொல்லட்டும். நகர்த்தியே தீரவேண்டுமென்றால், நாலு பேர் சேர்ந்து, உடலைக் கட்டை போல ஒரே வாக்கில் புரட்டிப் பலகையில் கிடத்துங்கள்.

பிறகு டாக்டர்களின் வேலை. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் காக்க வேண்டும். தண்டை நசுக்கும் எலும்பை, இயன்றவரை 24 மணி நேரத்துக்குள், ஆபரேஷன் செய்து விலக்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும். எல்லாம் மணிக் கணக்கு!

2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் மாநில சர்க்கார் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவர் யாரானாலும், முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம். பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் அப்படியே. தொடக்கத்தில் ரூ.1 லட்சம் வரை என்று வரம்பு வைத்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம்.

ஆனால் கேட்கிறோம்: ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதி முறிந்த முதுகெலும்பு வேறு, அதே ரோட்டோரம் சாரம் சரிந்து முறிந்த முதுகெலும்பு வேறா? சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அடிபட்டவனுக்குப் பக்கத்தில் இருப்பது தனியார் ஆஸ்பத்திரி என்றால், அதன் வாசலில் பணத்தை எண்ணி நேரம் போகலாமா?

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அந்த அறையின் கதவு வயலுக்கும் பனைமரத்துக்கும் திறக்கவில்லை.

ஆகவே நமது கோரிக்கை இரண்டு. வேலையிடத்தில் விழுந்தவனுக்கும் அந்த 48 மணி நேரம் வேண்டும். ஒவ்வொரு ஆலையிலும் கட்டிட வேலையிடத்திலும், முதலாளி செலவில், தூக்கும் பலகையும் கழுத்துப் பட்டையும் பயிற்சி பெற்ற நாலு பேரும் வேண்டும். சங்கக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். அடுத்தவன் விழுவதற்கு முன்னே போடுங்கள்!