சுருட்டை முடி ஒரு குற்றமா?

தலைமுடி எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பது இல்லை.

சீனப் பெண்ணின் முடி நேராகத் தொங்கும். இந்தியப் பெண்களில் சிலருக்கு நேராகவும், சிலருக்கு அலை அலையாகவும் இருக்கும். ஆப்பிரிக்கப் பெண்ணின் முடியோ கம்பிச் சுருள்போல் சுருண்டு, தலையோடு அடர்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் தோளைத் தொடும். விட்டால் சுருண்டு காதோரம் வந்துவிடும்!

அமெரிக்காவில் இந்த முடிக்கு "கெட்ட முடி" என்று நெடுங்காலம் பெயர் இருந்தது. அப்படிச் சொன்னவர்கள் வெள்ளையர்கள் மட்டும் அல்ல. கறுப்பினத் தாய்மார்களே தங்கள் பிள்ளைகளின் தலையைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள்.

அது கெட்ட முடியா? இல்லவே இல்லை. அது எண்ணெய் கேட்கும் முடி. அவ்வளவுதான்!

ஏன் வறண்டு போகிறது?

தலைத் தோலில் சிறு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவை ஒருவகை எண்ணெயைச் சுரக்கின்றன. முடி நேராக இருந்தால், அந்த எண்ணெய் வேரில் இருந்து நுனி வரை எளிதாக இறங்கிவிடும்.

சுருட்டை முடியில் அது நடக்காது. வழியெல்லாம் வளைவு! எண்ணெய் பாதி வழியிலேயே நின்றுவிடும். வேரில் எண்ணெய் இருக்கும். நுனி வறண்டு கிடக்கும்.

ஒவ்வொரு வளைவும் முடிக்குப் பலவீனமான இடம். வறண்ட முடியில் சீப்பைப் போட்டு இழுத்தால், அந்த இடத்தில் முறிந்து போகும்.

"இந்த முடி வளராது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. முடி வளரத்தான் செய்கிறது. வேரில் வளர வளர, நுனியில் முறிகிறது. முறியாமல் காத்தால் நீளம் தானாக வரும்.

பாட்டிமார் கண்ட வழி

ஆப்பிரிக்கப் பாட்டிமார்களுக்கு இது முன்பே தெரியும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஷியா என்று ஒரு மரம் உண்டு. கானா, புர்கினா பாசோ, மாலி முதலிய நாடுகளில் அது காட்டு மரமாக நிற்கிறது. தமிழ்நாட்டின் இலுப்பை மரமும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

உதிர்ந்த பழங்களைப் பெண்கள் பொறுக்கி வருவார்கள். கொட்டையை உடைத்து, பருப்பை வறுத்து, அரைப்பார்கள். பிறகு தண்ணீர் விட்டுக் கையால் பிசைவார்கள். வெண்ணெய் மேலே மிதந்து வரும். அதை எடுத்துக் காய்ச்சி ஆற வைப்பார்கள். இதுதான் ஷியா வெண்ணெய். உணவுக்கும் இதுதான், உடம்புக்கும் இதுதான், தலைக்கும் இதுதான்!

கடல் கடந்து ஜமைக்காவுக்குப் போனால், அங்கே விளக்கெண்ணெய். ஆமணக்கு விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்து எண்ணெய் எடுப்பார்கள். அதன் நிறம் கறுப்பு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் விளக்கெண்ணெய் காய்ச்சிய பாட்டிமார்களுக்கு இந்த முறை புதிது அல்ல.

அடிமை வாழ்வின் வடு

இவ்வளவு தெரிந்த மக்களுக்குத் தங்கள் முடி கெட்ட முடி என்று தோன்றியது எப்படி?

1619-ம் ஆண்டில் வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கர்கள் கொண்டு வரப்பட்டார்கள். அதன் பிறகு லட்சக்கணக்கானோர் அமெரிக்க மண்ணில் அடிமைகளாக உழைத்தார்கள். பொழுது விடிந்தால் பருத்திக் காடு. ஷியா வெண்ணெய்க்கு எங்கே போவது? தலை வாரத்தான் நேரம் ஏது? கிடைத்த கொழுப்பைத் தடவிக்கொண்டார்கள். துணியால் தலையை மூடிக்கொண்டார்கள்.

1865-ல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் "நேரான முடிதான் அழகு" என்ற எண்ணம் ஒழியவில்லை. வேலை வேண்டுமா? மதிப்பு வேண்டுமா? முடியை நேராக்கு! இதுதான் எழுதாத சட்டம்.

இரும்புச் சீப்பை அடுப்பில் காய்ச்சி முடியை இழுத்தார்கள். காது சுட்டது, கழுத்து சுட்டது. அதன் பிறகு மருந்து வந்தது. சோப்புக் காய்ச்சுவதற்குப் போடுகிறார்களே காஸ்டிக் சோடா, அதே காரம்தான் அந்த மருந்துகள் பலவற்றில் சேர்ந்தது. முடியின் உட்கட்டையே உடைத்து அது நேராக்கும். தலைத் தோலில் பட்டால் புண்ணாகும்.

அதோடு முடிந்ததா? இல்லை. புதிதாக முளைக்கும் முடி மறுபடியும் சுருண்டுதான் வரும். சில வாரங்களுக்கு ஒரு முறை மறுபடியும் மருந்து!

எச்சரிக்கை வந்தது

2022-ம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஓர் ஆய்வை வெளியிட்டது. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்து எழுதியது அது.

முடியை நேராக்கும் மருந்தைத் தொடாத பெண்களில், 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 100-க்கு 2 பேருக்கும் குறைவு. ஆண்டுக்கு 4 தடவைக்கு மேல் போட்டுக்கொண்டவர்களில் அது 100-க்கு 4 பேர் என்று கணக்கு வந்தது.

மருந்துதான் நோய்க்குக் காரணம் என்று இந்த ஆய்வு முடிவு கட்டவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்றுதான் சொல்கிறது. ஆனாலும் ஒரு தாய் யோசிப்பதற்கு இது போதாதா?

பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. 2016-ல் தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், பள்ளியின் முடி விதிகளை எதிர்த்துக் கறுப்பின மாணவிகள் போராடினார்கள். செய்தி உலகெங்கும் பரவியது. 2019-ல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் செய்தது. முடியின் தன்மையைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் சட்டம் செய்தன.

எண்ணெய் வைப்பது எப்படி?

எண்ணெய் தண்ணீர் ஆகாது. முடிக்கு ஈரம் தருவது தண்ணீர். அந்த ஈரம் ஓடாமல் காவல் காப்பது எண்ணெய். ஆகவே உலர்ந்த முடியில் எண்ணெயைக் கொட்டிப் பயன் இல்லை. முதலில் முடியை நனைக்க வேண்டும். பிறகுதான் எண்ணெய்.

வாரம் ஒரு முறையோ, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ தலைக்குக் குளித்தால் போதும். குளிப்பதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவலாம். அது முடிக்குள் ஊறி, கழுவும்போது முடியின் சத்து வீணாகாமல் காக்கிறது. இந்தியாவில் செய்த ஆராய்ச்சி ஒன்று 2003-ல் இதை எடுத்துக் காட்டியது.

குளித்த பிறகு, ஈரம் இருக்கும்போதே முடியை நான்கு பாகமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்திலும் கொஞ்சம் ஷியா வெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவ வேண்டும். நுனிக்குத்தான் அதிகம் வேண்டும். விரலாலோ, பல் அகன்ற சீப்பாலோ சிக்கு எடுக்க வேண்டும். நுனியில் தொடங்கி மேலே போக வேண்டும். வேரில் இருந்து இழுத்தால் முடி முறியும்.

பின்னலை இறுக்கக் கூடாது. இறுக்கிப் பின்னினால் நெற்றியோரத்து முடி கொட்டும். வருடக்கணக்கில் இறுக்கினால் அந்த இடத்தில் முடி முளைக்காமலே போய்விடும்!

அற்புதம் நடக்குமா?

"விளக்கெண்ணெய் தடவினால் முடி இரண்டு மடங்கு வளரும்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதை நம்பிப் பணத்தை இறைக்க வேண்டாம். எந்த எண்ணெயும் அப்படி வளர்த்துவிடாது. வளர்ந்த முடியைக் காப்பாற்றும். அதுவே பெரிய உதவி.

தலைத் தோலில் அளவுக்கு மீறிப் பூசினாலும் தொல்லைதான். பொடுகு இருந்தால் அதிகமாகும். நெற்றியில் பருவும் வரலாம். தோலில் புண்ணோ, திட்டுத் திட்டாக முடி உதிர்வதோ இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அது எண்ணெயில் தீரும் காரியம் அல்ல.

பிள்ளையின் தலை

"வேலைக்குப் போகும் தாய்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? மருந்து போட்டால் ஒரே நாளில் வேலை முடிந்ததே!" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சுருட்டை முடியைப் பராமரிக்க அரை நாள் கூட ஆகும்.

வளர்ந்த பெண் தன் முடியை நேராக்கிக்கொள்வது அவள் விருப்பம். நன்மை தீமை தெரிந்து அவள் முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும்? தலை எரிய எரிய மருந்து போடும்போது, அது ஒரே ஒரு பாடம்தான் கற்றுக்கொள்கிறது. "நான் பிறந்தபடி இருந்தால் நன்றாக இல்லை" என்பதுதான் அந்தப் பாடம்!

அந்தப் பாடத்தை எந்தத் தாயும் கற்பிக்கக் கூடாது.

குழந்தையை மடியில் உட்கார வைத்து, தலையை நனைத்து, எண்ணெய் தடவி, பொறுமையாகப் பின்னிவிடும் தாய் வேறு பாடம் கற்பிக்கிறாள். "இது உன் முடி. இதில் குறை ஒன்றும் இல்லை" என்று அவள் கை சொல்கிறது. அதற்கு அரை நாள் செலவானால்தான் என்ன?