தடித்த கம்பியும் வெட்டி வீறாப்பும்

புதுச்சேரியில் எலெக்ட்ரிக் கிடார் கற்க ஆரம்பிக்கிற பையனுக்குச் சீனியர்கள் தரும் முதல் உபதேசம் பெரும்பாலும் இதுதான்: "'லெவன்' செட் போடுடா, அப்பத்தான் டோன் வரும்." அவனும் போடுவான். விரல் நுனி கொப்பளிக்க ஒரு மாதம் போராடுவான். பிறகு, அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய கிடார் அலமாரி மேல் ஏறிவிடும். உபதேசம் செய்தவர் அடுத்த பையனைத் தேடிப் போய்விடுவார்!

இந்த மதத்தின் மூலவர் ஸ்டீவி ரே வான். 0.013 அங்குலக் கம்பியில் வாசித்தாராம். வாசித்தார், உண்மைதான். ஆனால் கிடாரை அரைக்கட்டை இறக்கி வைத்து வாசித்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. அரைக்கட்டை இறக்கினாலே கம்பியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். பிளாக் சபாத்தின் டோனி அயோமி 17 வயதில் பர்மிங்காம் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர். மெல்லிய கம்பி போட்டுத்தான் வாசித்தார். ஹெவி மெட்டலின் ஆதி சத்தமே அதுதான். பில்லி கிப்பன்ஸ் வாசிப்பதோ 0.007. அவரிடம் போய் "டோன் பத்தலையே சார்" என்று சொல்ல ஆளுண்டா?

கணக்கும் சீனியர்கள் பக்கம் இல்லை. அதே கிடாரில் அதே சுருதிக்கு, இழுவிசை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 'லெவன்' செட்டின் முதல் கம்பியை விட 'நைன்' செட்டின் முதல் கம்பிக்கு மூன்றில் ஒரு பங்கு இழுவிசை குறைவு. தடித்த கம்பி கொஞ்சம் கூடுதல் சத்தம் தரும்தான். அதற்கு ஆம்பில் ஒரு குமிழ் இருக்கிறதே!

கர்நாடக இசைக்காரர்கள் இந்த வீறாப்பில் சிக்கவில்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பி இருந்த வாத்தியத்தை ஐந்து ஒற்றைக் கம்பிகளுக்கு மாற்றிக்கொண்டார். கமகம் பேச வேண்டும் என்றால் கம்பி விரலுக்கு வளைந்து கொடுக்க வேண்டும். விரலைக் கம்பிக்குப் பலி கொடுப்பது சாதகம் ஆகாது.

உண்மையில் இந்த ஊரில் டோனைத் தின்பது உப்புக்காற்று. குருசுக்குப்பம் வீடுகளிலும் காலாப்பட்டு விடுதி அறைகளிலும் திறந்து வைத்த கிடாரின் மேல் மூன்று கம்பிகளில் பழுப்புப் புள்ளி விழ அதிக நாள் ஆகாது. சுற்றுக்கம்பிகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் ஏறி ஒலி மந்தமாகும், சுருதி நிற்காது. துருப்பிடித்த 'லெவன்' செட்டை விடப் புது 'நைன்' செட் எத்தனையோ மேல். "மெல்லிசு சட்டுனு அறுந்துடும்" என்பார்கள். பல நேரம் அறுப்பது துருவும் பிரிட்ஜில் உள்ள பிசிறும்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவைத் தாங்கும், ஆனால் ஃபிரெட்டைச் சீக்கிரம் தேய்க்கும். பாலிமர் பூச்சுள்ள கம்பி விலை அதிகம். என்றாலும் கடலோரத்தில் அந்தக் காசு பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைப்பதற்குக் காசே வேண்டாம். இதைச் சொல்லித்தரும் சீனியரைத்தான் காணோம்!

சி வரை சுருதி இறக்கி மெட்டல் வாசிப்பவருக்குத் தடித்த கம்பி சௌகரியம், மறுப்பில்லை. லெஸ் பால் மாதிரி 24.75 அங்குல நீளக் கிடாரில் 'டென்' கூட இதமாகவே இருக்கும். 25.5 அங்குல ஸ்ட்ராட் மாதிரியை வைத்துக்கொண்டு முதல் பெண்டிங் பழகுகிறவனுக்கு எதற்கு 'லெவன்'?