பருவம் தவறிய மழையும் வளராத கத்தரிச் செடியும்



புயலைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் படிக்கிறோம். நெற்பயிர் மூழ்கினால் அதிகாரிகள் வந்து கணக்கெடுக்கிறார்கள். இழப்பீடு குறித்துச் சட்டமன்றத்தில் பேசப்படுகிறது. ஆனால் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், வீட்டின் பின்புறம் நட்ட பத்துக் கத்தரிச் செடிகள் ஒரு மாதமாகச் சாண் உயரத்திலேயே நிற்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. "என் கைராசி அவ்வளவுதான்" என்று வீட்டுப் பெண் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். குறை உண்மையில் அவருடைய கையில்தானா என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்குத் தன் மண் என்று இருப்பது பல வேளைகளில் வீட்டைச் சுற்றியுள்ள ஒன்றிரண்டு சென்ட் இடம் மட்டுமே. 2021 நவம்பர் மழையின்போதும், 2023 ஜூலையிலும் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 2023-இல் தமிழக அரசே முதலில் சென்னையின் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டிய நிலை வந்தது. கோயம்பேட்டுக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வருகிறது. அங்கே மழை பெய்தால் இங்கே குழம்பு மாறுகிறது. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் உண்ண வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. வீட்டில் காய் குறையும்போது முதலில் குறைவது யாருடைய தட்டில் என்று நமக்குத் தெரியாதா என்ன?

அண்மை ஆண்டுகளின் வானிலையை வரிசையாக நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட், 1901-க்குப் பின் இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையையும் நம் மாவட்டத்தையும் நனைத்தது. 2024 இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டாகப் பதிவாயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. 2025-இல் தென்மேற்குப் பருவமழை மே 24 அன்றே கேரளாவைத் தொட்டது. வழக்கமான நாள் ஜூன் 1. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் இலங்கையில் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட டிட்வா புயல், பின்னர் வலுவிழந்து நம் வடகடலோரத்தில் தயங்கி நின்று டிசம்பர் தொடக்கம் வரை மழை தந்தது. ஆக, மழையே இல்லை என்று சொல்ல முடியாது. அது எப்போது வரும், எத்தனை நாள் நிற்கும் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம் முன்னோர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஆடி, ஆவணியில் நம் பகுதியில் மாலை நேரத்து இடிமழை விட்டுவிட்டுப் பெய்யும்; இடையில் வெயிலும் அடிக்கும். நாற்று வேர் பிடிக்க அது போதும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது செடி வலுவாக நிற்கும். நடுவில் இருபது நாள் மழையே இல்லாமல் போய், பிறகு இரண்டே நாளில் மொத்தமாகக் கொட்டினால் அந்தக் கணக்கு முழுவதும் தவறிவிடுகிறது.

செடிக்குள் என்ன நடக்கிறது? மண்ணில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால், மண் துகள்களுக்கிடையே இருந்த காற்று வெளியேறிவிடும். வேருக்கும் மூச்சு உண்டு. மூச்சு முட்டிய வேர் தண்ணீரையும் சத்தையும் மேலே அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. ஆகவே, தண்ணீருக்குள் நிற்கும் செடியே தாகத்தில் வாடியதுபோல் தலை தொங்குகிறது. அடி இலைகள் மஞ்சளாகின்றன. பார்ப்பவர் இதைச் சத்துக்குறைவு என்று எண்ணி ஒரு கைப்பிடி யூரியா போடுகிறார், அல்லது வாடியிருக்கிறதே என்று மேலும் ஒரு குடம் ஊற்றுகிறார். இரண்டுமே செடிக்குக் கேடு. வேர் வேலை செய்யாதபோது போடும் உரம் மழைநீரோடு போய்விடும். மீதி வேரைச் சுடும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது வாய்க்கால் பறித்துத் தண்ணீரை வடிப்பதும், மண் காய்ந்தபின் லேசாகக் கொத்திவிடுவதும்தான். புதுத் தளிர் வரும்வரை உரத்தைத் தள்ளிப்போடலாம். தளிர் விட்டபின் பஞ்சகவ்யத்தை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளிப்பது இங்கே பலருக்கும் பழக்கமானது.

மேகமூட்டம் தொடர்ந்தால் வெளிச்சம் குறைந்து செடி மெலிந்து நீளும். அல்லது வளராமல் அப்படியே நிற்கும். இது நோய் அல்ல. வெயில் வந்ததும் சரியாகிவிடும். நாற்றங்காலில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஈரம் காயாத இடத்தில் நாற்றின் தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் அழுகிச் சாய்ந்துவிடும். மேட்டுப்பாத்தியில் நெருக்கமில்லாமல் விதைப்பதும், விதையை டிரைக்கோடெர்மா விரிடியில் புரட்டி எடுத்து விதைப்பதும் இதை வெகுவாகக் குறைக்கும்.

தக்காளியின் கதை வேறு. இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் அது நன்றாகக் காய்க்கும். கத்திரி வெயில் காலத்தில் நம் பகுதியில் நள்ளிரவிலும் 27, 28 டிகிரிக்குக் குறைவதில்லை. மகரந்தம் வீணாகிப் பூ உதிர்கிறது. சித்திரையில் பூத்த தக்காளி காய்க்கவில்லை என்று எவரும் தம்மை நொந்துகொள்ளத் தேவையில்லை. வெண்டைக்கும் கொத்தவரைக்கும் அந்த வெப்பம் அவ்வளவு தொல்லை தராது.

கொடிக் காய்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், "கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கிறது, காய் மட்டும் இல்லை" என்பது அடிக்கடி கேட்கும் குறை. பூசணி, பாகல், பீர்க்கு, சுரை எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். வெப்பம் கூடினால் ஆண் பூக்கள் அதிகமாகி, பெண் பூக்கள் குறைகின்றன. அடைமழையில் தேனீயும் வருவதில்லை. மகரந்தமும் நனைந்து கெடுகிறது. பிஞ்சு வெம்பி உதிர்கிறது. மழை விட்ட சிறிது நேரத்தில் நாமே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுவிடலாம். பூசணியும் பாகலும் விடியற்காலையில் மலரும். பீர்க்கும் சுரையும் மாலையில். நேரம் தெரிந்து செய்தால் பலன் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் இதை ஆசையாகச் செய்வார்கள்.

இனி அரசின் பக்கம். 2025 ஜூலை 4 அன்று தமிழக அரசு ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தைத் தொடங்கி, வீட்டுத் தோட்டங்களுக்குக் காய்கறி விதைத் தொகுப்புகளை இலவசமாக வழங்கியது. நல்ல முயற்சி, ஆடிக்கு முன்பே தொடங்கியதும் பாராட்டுக்குரியது. ஆனால் ஒருமுறை தரும் விதை, மழை ஒழுங்காகப் பெய்யும் ஆண்டுக்கே போதும். விதைத்த வாரத்தில் வெள்ளம் வந்தால் தொகுப்பு முழுவதும் போயிற்று. ஏழைக் குடும்பம் மறுபடி கடையில் விதை வாங்குவதில்லை. ஆடிக்கு ஒருமுறை, தைப்பட்டத்துக்கு ஒருமுறை என்று இரண்டு தவணையாகத் தந்தால், முதல் தவணை கெட்டாலும் அடுத்தது கைகொடுக்கும். வீட்டில் உள்ளோரும் எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டுவிடாமல், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறையாகப் போடுவது நல்லது. மூன்று, நான்கு வாரத்தில் பறிக்கக்கூடிய முளைக்கீரையும் சிறுகீரையும் இவ்வகையில் பெரும் துணை. அன்பியக் கூட்டங்களில் மீதி விதையைப் பகிர்ந்துகொள்வதும் கடினமான காரியமல்ல.

இவ்விடத்தில் உத்திரமேரூரின் பெருமையையும் நினைக்காமல் இருக்க முடியாது. முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே பேசப்படுகின்றன. அப்படித் தேர்ந்தவர்களில் 12 பேர் தோட்ட வாரியத்திலும் 6 பேர் ஏரி வாரியத்திலும் பணியாற்றினார்கள் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தோட்டத்துக்கும் தண்ணீருக்கும் ஊர் பொறுப்பேற்றிருந்தது. அதே கல்வெட்டுகளின்படி, வரி கட்டும் சொந்த நிலம் உள்ளவருக்கே குடத்தில் ஓலை. நிலமற்றவருக்கு இல்லை, பெண்களுக்கும் இல்லை. இன்று வீட்டுத் தோட்டத்தை நம்பியிருப்பவர்கள் பெரும்பாலும் அந்த வகையினரே.

அவர்களுக்கு இன்று கிராமசபையில் பேச உரிமை இருக்கிறது. மே 1 கிராமசபை ஆடிப்பட்டத்துக்கு முன்னும், நவம்பர் 1 கிராமசபை தைப்பட்டத்துக்கு முன்னும் வருகிறது. விதைத் தொகுப்பு எப்போது வரும், எத்தனை வீடுகளுக்கு வரும், தெருவில் தேங்கும் மழைநீர் வீட்டுத் தோட்டங்களுக்குள் புகாமல் வடிய வாய்க்கால் எங்கே வெட்டப்படும் என்ற மூன்று கேள்விகளையும் அந்த இரு நாள்களிலும் எழுப்பி, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யலாம்.